டீன் ஆர்னிஷ் எதை நிரூபித்தார், எதை இன்னும் நிரூபிக்கவில்லை?

செட்டிபாளையத்தான் (இழையைத் தொடங்கியவர்)

கோவைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் செட்டிபாளையத்தில் 1914-இல் ராமசாமி என்ற பெயரில் பிறந்தவர்தான், பின்னாளில் ரிஷிகேசத்துச் சிவானந்தரிடம் துறவு பெற்று, 1969-இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய சுவாமி சச்சிதானந்தா. ஊர்க்காரர்கள் வுட்ஸ்டாக் கதையைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய விளைவு வேறு ஓர் இடத்தில் நடந்தது. 1972-இல் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில், மனச்சோர்வு முற்றிக் கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வீடு திரும்பியிருந்த 19 வயது இளைஞர் ஒருவரை, அவருடைய பெற்றோரின் அழைப்பின் பேரில் வந்த சுவாமி சந்தித்தார். தாவர உணவு, ஆசனம், மூச்சுப்பயிற்சி, தியானம் ஆகியவற்றை அந்த இளைஞர் அவரிடம் கற்றுக்கொண்டு, படிப்பை மீண்டும் தொடர்ந்து, மருத்துவரானார். அவர்தான் டீன் ஆர்னிஷ்.

நம் ஊர்த் தொடர்பை வைத்து அவரைத் தூக்கிப் பிடிப்பது என் நோக்கமன்று. உணவால் நோய் தீரும் என்று சொன்னவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஆர்னிஷ் அதைச் சொல்வதோடு நிற்கவில்லை. ஒரு புதிய மாத்திரையை எப்படிச் சோதிப்பார்களோ அப்படி உணவையும் வாழ்க்கைமுறையையும் சோதிக்க முற்பட்டார், அதுவும் பைபாஸ் அறுவையின் முன்னோடிகளில் ஒருவரான மைக்கேல் டிபேக்கி கோலோச்சிய ஹூஸ்டன் பேலர் மருத்துவக் கல்லூரியிலேயே. 1977-இல், இன்னும் மாணவராக இருந்தபோதே, ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு 10 இதய நோயாளிகளை ஒரு மாதம் ஓரிடத்தில் தங்கவைத்து அவர் தொடங்கிய வேலை இன்றுவரை நிற்கவில்லை.

அவர் பெயரை நிலைநாட்டியது 1990-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு. இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனிகளில் அடைப்பு உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். 28 பேர் புதிய வாழ்க்கைமுறைக்குச் சென்றார்கள், 20 பேர் வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். முதற்குழுவுக்குக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை எதுவும் தரப்படவில்லை. மொத்தக் கலோரியில் ஏறத்தாழ 10 விழுக்காடு மட்டுமே கொழுப்பிலிருந்து வரும் சைவ உணவு, நாள்தோறும் ஒரு மணி நேர ஆசனமும் தியானமும், வாரத்துக்கு மூன்று மணி நேரமாவது நடை, புகையை விடுதல், வாரம் இருமுறை கூடி மனம்விட்டுப் பேசுதல் ஆகியவைதான் சிகிச்சை. ஓராண்டுக்குப் பிறகு எடுத்த ஆஞ்சியோகிராமில் (இரத்தக்குழாய்ப் படத்தில்), முதற்குழுவின் சராசரி அடைப்பு 40 விழுக்காட்டிலிருந்து 37.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. மற்ற குழுவில் 42.7-இலிருந்து 46.1 ஆக ஏறியிருந்தது. நெஞ்சுவலி வரும் தடவைகள் முதற்குழுவில் 91 விழுக்காடு குறைந்தன, மற்றதில் 165 விழுக்காடு கூடின.

இதய அடைப்பு ஒரு திசையில் மட்டுமே நகரும், மெதுவாக்கலாமே தவிரத் திருப்ப முடியாது என்பதே அன்று பெரும்பாலான மருத்துவர்களின் எண்ணம். அந்த எண்ணத்தை 48 பேரை வைத்து அசைத்தது சாதாரணமன்று என்று நான் கருதுகிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுத வேண்டும்.

ம. இளவேனில்

ஐயா, அசைத்தார் என்பது சரி, பெயர்த்துவிட்டார் என்று பலர் எழுதுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மருந்தியல் கற்பிக்கும் எனக்கு இந்த ஆய்வு வகுப்பில் அடிக்கடி பயன்படும். நல்ல கேள்வி, துணிச்சலான வடிவமைப்பு, ஆனால் மிகச் சிறிய எண்ணிக்கை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முதலாவதாக, 40 என்பது 37.8 ஆவது கண்ணால் பார்த்தால் தெரியாத, கணினி அளந்து சொல்ல வேண்டிய வேறுபாடு. இரண்டாவதாக, அழைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் சேரச் சம்மதித்தார்கள். ஓராண்டு முழுவதும் எண்ணெயையும் இறைச்சியையும் விட்டு, நாளும் தியானம் செய்யவும் ஒப்புக்கொள்பவர் சராசரி நோயாளி ஆகமாட்டார். பெண்கள் மிகச் சிலரே. மூன்றாவது குறை எனக்கு முதன்மையானது: உணவு, நடை, தியானம், கூட்டம் என்று நான்கையும் ஒரே நேரத்தில் கொடுத்தால், பலன் எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? வாரம் இருமுறை ஆளுக்கு ஆள் அக்கறையோடு விசாரிக்கும் ஒரு கூட்டமே நெஞ்சுவலியைப் பாதியாகக் குறைத்திருக்கக்கூடும். மற்ற குழுவுக்கு அந்தக் கவனிப்பு கிடைக்கவில்லையே.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளைக் கொண்டு, கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டேட்டின் மாத்திரையைச் சோதித்து 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தாண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், மாத்திரை எடுத்துக்கொண்டவர்களின் இறப்பு 30 விழுக்காடு குறைந்திருந்தது. ஆர்னிஷின் முறை இறப்பைக் குறைக்கிறது என்று அந்த அளவில் காட்டும் ஆய்வு எதுவும் இல்லை. தாவர உணவை நான் எதிர்க்கவில்லை. சான்றின் எடையை மிகைப்படுத்திச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

ரமணி_திருச்சி

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக முட்டைகூடத் தொட்டதில்லை. அப்படியிருந்தும் என் தந்தைக்கு 58 வயதில் மூன்று அடைப்புகள் கண்டு, சென்ற தையில் ஸ்டென்ட் வைத்தோம். சைவம் இதயத்தைக் காக்கும் என்றால் அவரை ஏன் காக்கவில்லை? தவறாக எண்ண வேண்டாம், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

கீரைக்கட்டு

ரமணி, உங்கள் கேள்வியில்தான் இந்த இழையின் உயிர் இருக்கிறது. நாம் சைவம் என்று சொல்வதும் ஆர்னிஷ் சொல்வதும் வெவ்வேறு உணவுகள். இறைச்சி, மீன் இல்லாதது நமக்குச் சைவம். அவருடைய உணவிலோ எண்ணெய் இல்லை, நெய் இல்லை, வெண்ணெய் இல்லை, தேங்காய் இல்லை, மைதாவும் சர்க்கரையும் கூடியமட்டும் இல்லை. கொழுப்பு நீக்கிய பாலோ தயிரோ ஒரு கோப்பையும், முட்டையின் வெள்ளைக்கருவும் அனுமதி. மற்றவை முழுத்தானியம், பருப்பு, காய், கனி, கீரை. நம் கல்யாணப் பந்தியில் வடை, அப்பளம், பாயசம், நெய் ஊற்றிய பருப்புச் சாதம் என்று வரிசையாக வரும் இலை முழுச் சைவம்தான். அவருடைய கணக்கில் அதில் பாதிக்கு மேல் விலக்க வேண்டியதாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மில்லி, அதாவது ஏறத்தாழ 23 கிராம் கொழுப்பு, 200 கலோரிக்குச் சற்று மேல். நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு ஆர்னிஷ் அனுமதிக்கும் 10 விழுக்காடு என்பதே 200 கலோரிதான். சமையல் எண்ணெய் ஒன்றே மொத்த ஒதுக்கீட்டையும் தின்றுவிடுகிறது. அரிசியிலும் பருப்பிலும் இயல்பாகவே இருக்கும் கொழுப்பு, தேங்காய்ச் சட்டினி, மாலைநேரக் காராபூந்தி, பாலின் ஆடை எல்லாம் அதற்கு மேல் வருபவை.

என் கணவருக்கு ஆஞ்சியோகிராம் எடுத்த பிறகு நான் முதலில் செய்த வேலை, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய்த் தூக்கை அலமாரிக்குள் வைத்துவிட்டு, ஐந்து மில்லி கரண்டி ஒன்றை மட்டும் வெளியே தொங்கவிட்டது. தூக்கிலிருந்து கைபோன போக்கில் ஊற்றியபோது "கொஞ்சம்தான்" என்று நான் நினைத்தது, கரண்டியால் அளந்தபோது ஏழு கரண்டியாக இருந்தது. இப்போது கடுகையும் உளுத்தம்பருப்பையும் வெறும் இரும்புச் சட்டியில் சிறுதீயில் வறுக்கிறேன். கடுகு பொரியும், ஆனால் எண்ணெயில் போல வெடித்துத் தெறிக்காது, முனகுவதுபோல ஒரு சத்தம்தான் வரும். அந்த நேரத்தில் கறிவேப்பிலையைப் போட்டு, அது சுருண்டதும் குழம்பில் கொட்டிவிட வேண்டும், அரை நிமிடம் பிந்தினாலும் கசந்துவிடும். முதல் மூன்று வாரம் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. இப்போது வெளியில் சாப்பிட்டால் எண்ணெய் நாக்கில் ஒட்டுவதாக அவரே சொல்கிறார். ஆர்னிஷ் சொல்லும் 10 விழுக்காட்டை நாங்கள் எட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதயச் செவிலி

பதினெட்டு ஆண்டுகளாக இதயப் பிரிவில் பணியாற்றுகிறேன். இந்த இழை நல்ல திசையில் போகிறது, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்கு உறக்கம் வராது.

ஸ்டென்ட் வைத்து ஏழு மாதமான ஒருவர், உணவால் அடைப்பைக் கரைக்கலாம் என்று ஒரு காணொளியில் பார்த்துவிட்டு, எண்ணெயை நிறுத்திய அதே நாளில் இரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். இருபது நாள் கழித்து ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து, நள்ளிரவில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்துவிட்டார், ஆனால் இதயத்தின் தசையில் ஒரு பகுதி மீளவில்லை. ஸ்டென்ட் என்பது உலோக வலை. அதன் மேல் உட்படலம் வளர்ந்து மூடும் வரை இரத்தத் தட்டுகள் அதில் ஒட்டிக் கட்டியாகும் வாய்ப்பு மிகுதி. அதைத் தடுப்பது அந்த மாத்திரை. கீரையோ சிவப்பரிசியோ அந்த வேலையைச் செய்யாது. ஆர்னிஷின் ஆய்வில் இருந்தவர்கள் மருத்துவர் கண்காணிப்பில் இருந்தார்கள் என்பதையும், அவர் மருத்துவத்தை விட்டு விலகச் சொல்லவில்லை என்பதையும் பரப்புரை செய்பவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இளவேனில் அம்மா கேட்ட "எது வேலை செய்தது" என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடை அனுபவத்திலிருந்து வருவது, ஆய்விலிருந்து அன்று. தனியாக உணவுச்சீட்டு கொடுத்து அனுப்பப்பட்ட நோயாளி இரண்டு மாதத்தில் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார். சேர்ந்து நடக்க நான்கு பேர் கிடைத்தவர் நிலைக்கிறார். அந்தக் கூட்டத்தைச் சிகிச்சைக்குள்ளேயே வைத்ததுதான் ஆர்னிஷின் கூர்மை என்று நினைக்கிறேன்.

ம. இளவேனில்

செவிலி அம்மா எழுதியதை ஒவ்வொருவரும் இருமுறை படிக்க வேண்டும்.

கீரைக்கட்டு அவர்களின் எண்ணெய்க் கணக்கு சரி. ஆனால் எண்ணெயை முற்றிலும் விலக்குவதுதான் ஒரே வழியா என்பது வேறு கேள்வி. ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வில், இதய நோய் வரும் வாய்ப்பு மிகுந்த 7,447 பேரில், ஆலிவ் எண்ணெயோ கொட்டைப் பருப்புகளோ தாராளமாகச் சேர்த்த மத்தியதரைக்கடல் உணவை உண்டவர்களுக்கு, கொழுப்பைக் குறைக்க அறிவுறுத்தப்பட்டவர்களைவிட மாரடைப்பும் பக்கவாதமும் குறைவாக வந்தன. 2013-இல் வெளியான அந்தக் கட்டுரையில் குலுக்கல் முறையில் குறை இருந்ததால் திரும்பப் பெற்று, 2018-இல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். முடிவின் திசை மாறவில்லை. அவர்களும் காய், கனி, பருப்பு, முழுத்தானியம் ஆகியவற்றைத்தான் அடித்தளமாக வைத்தார்கள். ஆகவே தாவர உணவு மிகுந்திருக்க வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒன்று, கொழுப்பின் அளவில்தான் வழக்கு.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கொழுப்பை எடுத்த இடத்தில் வெள்ளைச் சோற்றை நிரப்பினால், டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு ஏறலாம், நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் இறங்கலாம். 21 நாடுகளில் 1,32,373 பேரைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளிவந்த பியூர் ஆய்வில், நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்பவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு கூடியிருந்தது. தெற்காசியாவில்தான் அந்தக் கூடுதல் மிக அதிகம், 61 விழுக்காடு. ஆர்னிஷ் தீட்டாத தானியத்தைத்தான் சொன்னார் என்பதை நினைவில் வைக்காமல் அவர் உணவை நம் தட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு நோயைத் துரத்தி இன்னொன்றை அழைத்ததாகும்.

செட்டிபாளையத்தான்

இளவேனில் அவர்களின் முதல் பதிவுக்கு இரண்டு நாளாக விடை யோசித்தேன். சில இடங்களில் அவர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், சில இடங்களில் ஒப்பவில்லை.

எண்ணிக்கை சிறியது என்பதை மறுக்க வழியில்லை. ஆனால் ஓராண்டோடு நிறுத்தாமல் அதே ஆட்களை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்து 1998-இல் ஜாமா மருத்துவ இதழில் முடிவைத் தந்தார்கள். 35 பேர் ஐந்தாண்டையும் நிறைவு செய்தார்கள். வாழ்க்கைமுறைக் குழுவில் அடைப்பு 3.1 புள்ளி குறைந்திருந்தது, மற்றதில் 11.8 புள்ளி ஏறியிருந்தது. மாரடைப்பு, ஆஞ்சியோபிளாஸ்டி, பைபாஸ், மருத்துவமனைச் சேர்க்கை, இறப்பு எல்லாம் சேர்ந்த நிகழ்வுகள் முதற்குழுவின் 28 பேரிடம் 25, மற்ற குழுவின் 20 பேரிடம் 45. அடைப்பின் அகலம் சிறிதளவே மாறினாலும் பலன் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. குழாயின் விட்டம் சற்று விரிந்தாலே அதில் ஓடும் இரத்தத்தின் அளவு அதைவிடப் பெரிய விகிதத்தில் கூடும். மேலும் பல மாரடைப்புகள் மிகக் குறுகிய இடத்தில் வருவதில்லை. நடுத்தர அளவில் இருக்கும் கொழுப்புப் படிவு ஒன்று திடீரென வெடித்து, அங்கே இரத்தம் உறைவதால் வருகின்றன. அந்தப் படிவை அமைதிப்படுத்தினால் போதும், அகலத்தில் அது பெரிதாகத் தெரிய வேண்டியதில்லை.

நான்கையும் சேர்த்துக் கொடுத்தார், பிரிக்க முடியாது என்பது சரியான விமரிசனம். எனக்கும் அது உறுத்துகிறது. அவரைத் தாவர உணவின் மருத்துவர் என்று மட்டும் அழைப்பதே ஒருவகையில் பிழை. தியானத்தையும் கூட்டத்தையும் விட்டுவிட்டு உணவை மட்டும் எடுத்துப் பரப்புகிறவர்கள் அவர் சோதித்ததைப் பரப்பவில்லை. உணவுச் சீட்டை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2007-இல் ஸ்டான்ஃபோர்டு வெளியிட்ட ஆய்வு சான்று. 311 பெண்களுக்கு நான்கு வகை உணவுப் புத்தகங்களைத் தந்து ஓராண்டு பார்த்தார்கள். மாவுச்சத்தைக் குறைக்கும் அட்கின்ஸ் உணவில் எடை சராசரியாக 4.7 கிலோ குறைந்தது, ஆர்னிஷ் உணவில் 2.2 கிலோதான். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் 10 விழுக்காட்டை நெருங்கவே இல்லை. இதை ஆர்னிஷ் தரப்பு தன் உணவுக்கு எதிரான சான்றாக ஏற்கவில்லை. ஆனால் கடைப்பிடிக்க முடியாமை என்பதும் ஓர் உணவின் குணம்தானே.

அவருடைய பிற்காலப் பணியில் எனக்குக் கவலையும் உண்டு. 2005-இல் வெளியான ஆய்வில், ஆரம்பநிலைப் புரோஸ்டேட் புற்றுநோய் இருந்தும் உடனடிச் சிகிச்சை வேண்டாம் என்று தாமே முடிவுசெய்திருந்த 93 ஆண்களிடம் இதே முறையைச் சோதித்தார். அந்த நோயைக் கண்காணிக்க இரத்தத்தில் அளக்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவு ஓராண்டில் வாழ்க்கைமுறையை மாற்றிய குழுவில் 4 விழுக்காடு இறங்கியது, மற்றதில் 6 விழுக்காடு ஏறியது. 2013-இல், நோபல் பரிசு பெற்ற எலிசபெத் பிளாக்பர்னோடு சேர்ந்து, குரோமோசோம் நுனிகளான டீலோமியர்களின் நீளம் இந்த முறையில் கூடுகிறது என்று எழுதினார். அதில் வாழ்க்கைமுறையை மாற்றியவர்கள் 10 பேர்தான். 2024-இல் ஆரம்பநிலை அல்சைமர் நோயாளிகள் 51 பேரிடம் 20 வாரம் சோதித்து நல்ல மாற்றம் கண்டதாக வெளியிட்டார். ஒவ்வொன்றும் மேலே படிக்கத் தூண்டும் முதற்படி. ஆனால் ஒவ்வொரு முதற்படியையும் மாடி ஏறிவிட்டதுபோல் மேடையில் பேசுவது அவர் மேல் எனக்குள்ள மரியாதையைச் சற்றுக் குறைக்கிறது. ஒன்றையாவது ஆயிரம் பேரிடம் சோதித்துக் காட்ட அவருக்குப் பணம் கிடைத்திருக்க வேண்டும். மாத்திரை விற்பவருக்குக் கிடைக்கும் பணம் கத்தரிக்காயைச் சோதிக்க வருபவருக்குக் கிடைப்பதில்லை, இது அவருடைய குற்றம் மட்டும் அன்று.

அவருடைய ஆகப் பெரிய வெற்றி என்று நான் எண்ணுவது ஆய்விதழில் இல்லை. பைபாஸுக்குப் பணம் தரும் காப்பீடு, பைபாஸ் தேவைப்படாமல் செய்வதற்கு ஏன் தருவதில்லை என்று அவர் விடாமல் கேட்டார். 1993-இல் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனம் முதலில் இசைந்தது. முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் இணங்க அதன்பின் 17 ஆண்டுகள் ஆயின. 2010 முதல், தகுதியுள்ள இதய நோயாளிக்கு 72 மணி நேரப் பயிற்சிக்கு மெடிகேர் பணம் தருகிறது. ஒரு மணி நேரம் உடற்பயிற்சி, ஒரு மணி நேரம் ஆசனமும் தியானமும், ஒரு மணி நேரம் மனம்விட்டுப் பேசுதல், ஒரு மணி நேரம் உணவும் பாடமும் என்று நாளுக்கு நான்காகப் பிரித்து நடத்துகிறார்கள். ரிஷிகேசத்திலும் எங்கள் ஊர்ப் பக்கத்து மடங்களிலும் காசில்லாமல் சொல்லித்தந்த மூச்சுப்பயிற்சிக்கு ஓர் அரசு ரசீது போட்டுப் பணம் தருகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ம. இளவேனில்

ஐந்தாண்டு எண்களை நான் முதலில் குறிப்பிடாதது என் தவறு. 25-க்கு 45 என்பதில் பெரும்பகுதி ஆஞ்சியோபிளாஸ்டியும் மருத்துவமனைச் சேர்க்கையும்தான், இறப்பில் வேறுபாடு காட்ட அந்த ஆய்வு போதாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி காப்பீடு பற்றி நீங்கள் எழுதியதோடு முழுதும் உடன்படுகிறேன்.

ரமணி_திருச்சி

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளில் எனக்குப் பல விளங்கின. அப்பாவிடம் எண்ணெய்க் கணக்கைப் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் மூவருக்கு மாதம் மூன்றரை லிட்டர் ஆகிறது, தீபாவளி மாதத்தில் ஐந்து. அவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், அம்மாவின் எண்ணெய்த் தூக்கைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். என்னென்ன கேட்க வேண்டும்?

இதயச் செவிலி

ரமணி, மாத்திரைகள் அத்தனையையும் அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றும் எதற்கு, எத்தனை மாதத்துக்கு என்று கேட்டு அட்டையின் பின்புறமே எழுதிக்கொள்ளுங்கள். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் எவ்வளவு இருக்கிறது, அப்பாவுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேளுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், சோற்றின் அளவை அதை வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும். உணவை மாற்றப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எடையும் இரத்த அழுத்தமும் இறங்கினால் சில மாத்திரைகளின் அளவை அவர்தான் குறைக்க வேண்டும், நீங்கள் அன்று. பாலையும் விட்டுவிடுவதாக இருந்தால் வைட்டமின் பி12 பற்றியும் கேட்க வேண்டும்.

ரமணி_திருச்சி

எழுதிக்கொண்டேன், அம்மா. கூட நடக்க ஆள் வேண்டும் என்றீர்களே, பக்கத்து வீட்டு மாமாவுக்கும் சென்ற ஆண்டுதான் பைபாஸ் ஆனது. இன்று காலை இருவரும் உறையூர்க் கடைத்தெரு வரை நடந்துவிட்டு வந்தார்கள். வழியில் வழக்கமாக வடை வாங்கும் கடையில் இருவரும் சர்க்கரை போடாத தேநீர் மட்டும் குடித்ததாக அப்பா சொன்னார்.